இடப்பக்கம் திரும்பியவள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்காலை மட்டும் அதில் சேர்த்துக்கொள்ளாதே. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் சொன்னால் நீ பாதியில் புகுந்து பேசுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் குட்டிக்குப் பல் முளைத்ததா என்று கேட்டுவிடுவேன். இது அப்படி விட்டுவிடுகிற விஷயம் இல்லை.

போன மாதம் ஒரு படம் அனுப்பினாயே, உன் ஆபீஸ் மேசைக்கு மேலே நம் ரயில் நிலையச் சுவரில் வண்ணக் கல் துண்டுகளால் ஒட்டியிருக்கிற பெண்ணின் படத்தை மாட்டியிருந்தாய். இவளை ஒட்டியது என் அம்மாதான் என்று அங்கே எல்லாரிடமும் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அப்பா அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார், எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. இவளை ஒட்டியது நான் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேனே தவிர, எப்படி ஒட்டினேன் என்று சொன்னதில்லை. அந்தச் சுவரில் நூற்றுப் பதிமூன்று பேர் பெட்டியும் பையுமாக வலப்பக்கம் பார்த்துப் போகிறார்கள், இவள் ஒருத்தி மட்டும் இடப்பக்கம் திரும்பியிருக்கிறாள். பையில், காலண்டரில், டீ கோப்பையில் எல்லாம் இவள்தான். ஊரை விட்டுப் போகிறவளின் மனசு இது என்று ஒருவர் தடித்தடியாகப் புத்தகமே எழுதியிருக்கிறார். மனசும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அது நான் செய்த தப்பு.

நாங்கள் நேராகச் சுவரில் ஒட்டவில்லை, பட்டறையில் மேசை போட்டு உட்கார்ந்து, ஓவியர் வரைந்த தாளின் மேல் கல் துண்டுகளை முகம் கீழே இருக்கும்படி பசை வைத்து ஒட்டுவோம். தாளைச் சுவரில் பதித்து, சிமெண்ட் இறுகியதும் நனைத்து உரித்தால்தான் படம் தெரியும். அதாவது மேசையில் இடமாக இருப்பது சுவரில் வலமாக வரும். தாளோ எண்ணெய்த் தாள், கோடு இரண்டு பக்கமும் தெரியும், அதனால் எது மேல்பக்கம் என்று காட்ட மூலையில் சிவப்புப் பொட்டு வைத்திருப்பார்கள். அப்போது நீ வயிற்றில் ஏழு மாதம். இடுப்பு கடுத்தது, எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன், அதற்குள் காற்றில் தாள் கீழே விழுந்திருந்தது, எடுத்து விரித்து ஒட்ட ஆரம்பித்தேன். பொட்டைப் பார்க்கவில்லை. நான்கு நாள் ஒட்டினேன், ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. படத்தில் ஓர் உருவத்துக்கு ஒரு தாள், சுற்றிலும் வெறும் நீலம், அதனால் சுவரில் பதித்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உரித்தபோது இவள் எல்லாருக்கும் எதிராக நின்றாள். திறப்பு விழாவுக்கு இரண்டே நாள். ஓவியர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இடிக்க நேரமில்லை, இருக்கட்டும் என்று போய்விட்டார்.

பட்டறை மேலாளர் விடவில்லை, இது யார் ஒட்டியது என்று மேசை மேசையாக வந்து கேட்டார். என் பக்கத்து மேசையில் இருந்தவளை மிளகு என்று கூப்பிடுவோம், ஆளும் சின்னது, வாயும் காரம். நான்தான் என்று எழுந்து நின்றாள். அன்றைக்கே அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். வாசலில் போய்ப் பிடித்துக்கொண்டு அழுதேன். “எனக்கென்னடி, நான் ஒத்தை ஆளு. புள்ளையை வச்சுக்கிட்டு நீ எங்க போய் நிப்பே?” என்று கேட்டாள். நான் உள்ளே வந்து வேலையைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. பயம்தான், சொல்லிக்கொள்கிற மாதிரி வேறு காரணம் எதுவும் இல்லை. பிறகு இரண்டு தடவை அவளைப் பார்க்கப் போனேன், அவள் முகம் சுளிக்காமல் பேசப் பேச எனக்குத்தான் தாங்கவில்லை, போவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது அந்தச் சுவரைப் பழுது பார்க்கிறார்கள். இத்தனை வருஷம் ஓவியர் பெயர் மட்டும்தான் இருந்தது, இனி கல் ஒட்டியவர்கள் பெயரையும் பலகையில் போடப்போகிறார்களாம், இவளுக்கு மட்டும் தனிப் பலகை. அதற்காக மியூசியத்திலிருந்து ஒரு பெண் போன வாரம் வீட்டுக்கு வந்தாள். பட்டறையின் பழைய பதிவேட்டில் மிளகின் பெயருக்கு எதிரே, தவறாக ஒட்டியதற்காக நீக்கம் என்று இருக்கிறது, அது சரிதானா என்று கேட்டாள். நாளை மறுநாள் வா, சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் மிளகைத் தேடிப் போனேன். அவள் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட்டு, பிறகு அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லி அவள் பெயரில் இருக்கிற கறையைத் துடைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மகனுடைய தையல் கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. மிஷினில் உட்கார்ந்து திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். “வாடி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்றாள், வேறு கேள்வி இல்லை. மருமகள் டீ கொண்டுவந்தாள், சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டி, “இது எங்க அத்தை ஒட்டினதுங்க. பையன் ஸ்கூல்ல சொல்லி, டீச்சர் மொத்த கிளாஸையும் கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க” என்றாள். மிஷின் நின்றுவிட்டது. மிளகு என்னைப் பார்க்கவில்லை, குனிந்து இல்லாத நூலைத் தேடி அறுத்துக்கொண்டிருந்தாள். “நீங்களும் அங்கதானே இருந்தீங்க, அத்தை ஒட்டினதைப் பார்த்திருப்பீங்களே” என்று மருமகள் என்னைக் கேட்டாள். பார்த்தேன் அம்மா, பக்கத்து மேசையில்தான் இருந்தேன், நான்கு நாள் குனிந்த தலை நிமிராமல் ஒட்டினாள் என்றேன்.

மிளகு என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தாள். “தப்பா இருந்தப்ப எடுத்துக்கிட்டேன். பேர் வாங்கினப்புறம் திருப்பிக் குடுக்க மனசு வரலடி” என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். வைத்துக்கொள், உன்னுடையதுதான் என்றேன். பஸ்ஸில் ஏறியதும் அழுகை வந்தது, அது துக்கமில்லை. மறுநாள் மியூசியப் பெண் வந்தாள். ஒட்டியது மிளகுதான், தவறு என்கிற சொல் மட்டும் பலகையில் வேண்டாம் என்று சொன்னேன். அவள் எழுதிக்கொண்டு போனாள். ராத்திரி அப்பாவிடம் சொன்னபோது, நம் மகளுக்காவது நிஜம் தெரியட்டும் என்றார், அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆகவே நீ ஆபீஸில் சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டும். உனக்குச் சங்கடமாகத்தான் இருக்கும், அம்மாவுக்காகப் பொறுத்துக்கொள். என் கை ஒட்டியவர்கள் அந்தச் சுவரில் இன்னும் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள், எல்லாரும் ஒழுங்காக வலப்பக்கம் பார்த்துப் போகிறார்கள், ஒருவரையும் நாய்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. வேண்டுமானால் அவர்களில் ஒருவரை மாட்டிக்கொள். வேளைக்குச் சாப்பிடு, குட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடாதே, மாப்பிள்ளையிடம் காரணமில்லாமல் சிடுசிடுக்காதே. நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். லீவில் வரும்போது ஸ்டேஷனுக்குப் போவோம், மிளகுப் பெரியம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். சுவரில் இருக்கிறவளைத் தான் எப்படி ஒட்டினாள் என்று உனக்கு விலாவாரியாகச் சொல்லுவாள். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள், நானும் அப்படித்தான் கேட்கப்போகிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா