பல்லாவரத்துக்குப் பிறகு நீங்கள் படித்த முடிவு

ஜன்னலோர இருக்கையை ஒருநாளும் எனக்கு விட்டுக்கொடுக்காத என் பத்மா அக்காவுக்கு,

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. இதைக் கடிதமாக எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவதில் எனக்கே கூச்சம்தான். நேரில் சொல்ல ஏழு வருஷம் கிடைத்தது. தாம்பரத்திலிருந்து எழும்பூர் வரை தினமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். அப்போதெல்லாம் அகவிலைப்படியைப் பற்றிப் பேசினேன், தக்காளி விலையைப் பற்றிப் பேசினேன். கேட்க வேண்டிய மன்னிப்பை மட்டும் கேட்கவில்லை.

இப்போது அந்த மன்னிப்போடு உங்களுக்குச் சேர வேண்டிய சேதி ஒன்றும் இருக்கிறது. பாக்கியம் சொன்ன சேதி. அது தெரியாமலே நீங்கள் போய்விட்டீர்கள் என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இதைப் படிப்பவர்களுக்கு முன்கதை தெரியாது. கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரப் பத்திரிகையில் ‘காரிக்கு அப்பால்’ என்று ஒரு விஞ்ஞானத் தொடர்கதை எட்டு வருஷம் வந்தது. இளவேனி என்ற விண்கலம் ஓட்டும் பெண், ஆறு வயது மகளைப் பூமியில் விட்டுவிட்டுச் சனிக்கிரகத்துக்குப் போகிறாள். வழி நெடுக ஆபத்து. “சனின்னு பேர் வெச்சா நம்ம ஜனங்க பாதிப் பேர் தொடவே மாட்டாங்கன்னுதான் காரின்னு வெச்சிருக்கார், கெட்டிக்கார மனுஷன்” என்று நீங்கள் முதல் வாரமே சொன்னது ஞாபகம் இருக்கிறதா?

அந்தக் கதையை நாங்கள் யாரும் படித்ததில்லை. கேட்டோம். வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டேஷன் கடையில் ஒரே ஒரு பிரதி வாங்குவீர்கள். எட்டு ஐந்து வண்டி, பெண்கள் பெட்டி. வண்டி நகர்ந்ததும் நீங்கள் உரக்கப் படிக்க, பீன்ஸ் நறுக்குகிறவர்கள், பூக் கட்டுகிறவர்கள், முதல்நாள் மீதி வைத்த ஸ்வெட்டரைப் பின்னுகிறவர்கள் என்று சுற்றிலும் பன்னிரண்டு பதின்மூன்று பேர். கிண்டியில் கூட்டம் ஏறினால் உங்கள் குரலும் ஏறும். மாம்பலம் வருவதற்குள் ‘தொடரும்’ வந்துவிடும்.

அதற்குச் சட்டதிட்டம் வேறு. வண்டி கிளம்பும் முன் பத்திரிகையைப் பிரிக்கக் கூடாது. வேறு பிரதி வாங்கக் கூடாது. வெள்ளிக்கிழமை லீவு போட்டவளுக்குக் கதையை யாரும் சொல்லக் கூடாது, திங்கட்கிழமை நீங்களே மறுபடி படிப்பீர்கள். படித்து முடித்ததும் பத்திரிகை கைமாறும், படத்தை மட்டும் பார்க்கலாம். காய்ச்சலோடு கூட வெள்ளிக்கிழமை வந்திருக்கிறேன். என் கல்யாணம் வெள்ளிக்கிழமையில் அமைந்தபோது உங்களிடம்தான் முதலில் அலுத்துக்கொண்டேன்.

பாக்கியம் குரோம்பேட்டையில் ஏறுவாள். எழும்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. இடம் இருந்தாலும் கதவுக்குப் பக்கத்தில் கீழேதான் உட்காருவாள். எழுதப் படிக்கத் தெரியாது. அவளுடைய மூத்த மகன் ரவி, பத்தொன்பது வயதில் சிநேகிதனோடு பம்பாய்க்குப் போனவன், இரண்டு கடிதம் போட்டான். அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

கதையில் இளவேனி திரும்பிப் பார்த்தாளோ இல்லையோ, பாக்கியம் வாரம் தவறாமல் கேட்பாள். “ஏம்மா, இந்தப் பொண்ணு பூமிக்கு வந்துரும் இல்ல? இது வந்துட்ச்சுன்னா எம் புள்ளையும் வந்துருவான். நான் அப்டிதான் மன்சுல நெனச்சிகினு கீறேன்.”

நாங்கள் சிரித்தோம். “கதைக்கும் உன் பையனுக்கும் என்னடி சம்பந்தம்?” என்று கேட்டோம். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. அதை நான் அன்று கவனித்தேன், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

கடைசி அத்தியாயம் வந்த வெள்ளிக்கிழமை பெட்டியில் ஊசி போட இடமில்லை. வேறு பெட்டியில் வருகிறவர்கள் கூட அன்று எங்களோடு ஏறிக்கொண்டார்கள். நீங்கள் படிக்கத் தொடங்கினீர்கள். சானடோரியம், குரோம்பேட்டை, எல்லாம் வழக்கம்போலத்தான். பல்லாவரத்தில் நிறுத்தினீர்கள். “தொண்டை கட்டுது” என்று சொல்லித் தண்ணீர் குடித்தீர்கள். கொஞ்சம் அதிகமாகவே குடித்தீர்கள். பிறகு தொடர்ந்தீர்கள்.

இளவேனியின் கப்பல் மழை பெய்கிற ஒரு விடியற்காலையில் கடலோரம் வந்து இறங்கியது. அவள் நனைந்துகொண்டே நடந்து தன் தெருவுக்குள் நுழைந்து வீட்டுக் கதவைத் தட்டினாள். ‘முற்றும்’ என்று நீங்கள் சொன்னபோது சைதாப்பேட்டை. பெட்டியே கைதட்டியது. பாக்கியம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எழும்பூரில் இறங்கினதும் வெள்ளரிக்காய்க்காரியைக் கூப்பிட்டு எங்கள் எல்லோர் கையிலும் ஆளுக்கு ஒன்று திணித்துவிட்டுத்தான் போனாள். பத்திரிகையை அன்று நீங்கள் கைமாற்றவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டீர்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் எங்கள் ஆபீஸில் சாப்பாட்டு மேஜையில் சண்டை. தலைமை எழுத்தர் அந்தப் பத்திரிகையை இனி வீட்டுக்குள் விடமாட்டேன் என்று சபதம் செய்துகொண்டிருந்தார். “எட்டு வருஷம் காக்க வெச்சு, கடைசியில அவளை அங்கயே விட்டுட்டானே, இவன்லாம் மனுஷனா?” என்றார். நான் சிரித்தேன். “சார், நீங்க சரியாப் படிக்கலை. அவ வந்துட்டா. மழையில நனைஞ்சுக்கிட்டே வந்தா” என்றேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒருவர் பத்திரிகையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

இளவேனி வரவே இல்லை அக்கா. பின்னால் வருகிற கப்பல்களுக்கு வழிகாட்ட யாராவது ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும். மற்றவர்களை அனுப்பிவிட்டு அவள் தங்கிவிடுகிறாள். பூமியில் வளர்ந்துவிட்ட மகள் மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பார்க்கிறாள். முற்றும்.

மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். “மாலதி மேடம் தனியா ஒரு கதை படிக்கிறாங்கப்பா” என்று ஒருவன் சொன்னது மாலை வரை காதில் கேட்டது. என் கோபத்தின் ஊற்றுக்கண் அந்தச் சிரிப்புதான். மற்றபடி உண்மை, ஒழுங்கு, எழுத்தாளரின் உரிமை என்று நான் அப்போது எனக்கே சொல்லிக்கொண்டது எல்லாம் மேல்பூச்சு. நான் மானக்கேடு பட்டேன், அதற்கு யாரையாவது திட்ட வேண்டியிருந்தது.

மறுநாள் அந்தப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு பெட்டியில் ஏறினேன். குரோம்பேட்டை தாண்டும்வரை பொறுத்திருந்தேன், எல்லோரும் இருக்க வேண்டுமே. பிறகு எழுந்து நின்று சொன்னேன். “அக்கா நம்மளை ஏமாத்திட்டாங்க. இளவேனி திரும்பி வரலை. இதோ பாருங்க, அச்சுல இருக்கு. இவங்களா இட்டுக்கட்டிப் படிச்சிருக்காங்க.”

நீங்கள் மறுக்கவில்லை. “ஆமாம் மாலதி” என்றீர்கள். அவ்வளவுதான். பத்திரிகை கை கையாகப் போனது. யாரோ “எங்களுக்கு இவ்வளவுதான் மரியாதையா?” என்றார்கள். பாக்கியம் எழுந்தாள். பரங்கிமலையில் இறங்கி அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். அதன்பின் அவள் எங்கள் பெட்டியில் ஏறவே இல்லை. நீங்களும் அதன்பின் எதையும் உரக்கப் படிக்கவில்லை.

அந்த மாதம் ஊரெல்லாம் இதே பேச்சு. மேற்குத் தாம்பரம் வாடகை நூலகத்தில் அபிப்பிராயம் எழுதுவதற்கென்று ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள், ஒரே வாரத்தில் நிரம்பிவிட்டது. பொத்தேரியில் படித்த பையன்கள் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு, சிவப்பு மையில், இளவேனியைத் திருப்பி அனுப்பு என்று எழுத்தாளருக்குக் கடிதம் போட்டார்கள். மகளுக்கு இளவேனி என்று பெயர் வைத்த சேலையூர் அம்மா ஒருவர், குழந்தையை இனி எப்படிக் கூப்பிடுவேன் என்று கேட்டு எழுதியிருந்தார். அதுதான் சரியான முடிவு, கடமை என்றால் இப்படித்தான் என்று வாதாடியவர்களும் இருந்தார்கள், கொஞ்சம் பேர். கடைசியில் எழுத்தாளர் பதில் எழுதினார், கப்பலில் எரிபொருள் தீர்ந்துவிட்டது, நான் என்ன செய்ய என்று. எட்டு வருஷமாக எரிபொருளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனிதர்!

ஊரே கேட்ட முடிவு எங்கள் ஒரு பெட்டிக்கு மட்டும் கிடைத்திருந்தது. அதைத்தான் நான் ஏமாற்று என்று சொல்லி எல்லோர் கையிலிருந்தும் பிடுங்கினேன். இப்போது நிதானமாக யோசித்தால் எழுத்தாளர் எழுதியதிலும் தப்பில்லை என்று தோன்றுகிறது. அவர் யாரென்று தெரியாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு எழுதினார். நீங்கள் கதவோரம் உட்கார்ந்திருந்த ஒருத்திக்குப் படித்தீர்கள். இரண்டும் ஒரே வேலையா அக்கா?

அதற்குப் பிறகு ஏழு வருஷம். நீங்கள் ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வீர்கள். நான் பேசினால் பதில் சொல்வீர்கள், கோபமெல்லாம் இல்லை. ஒரே ஒரு தடவை, மீனம்பாக்கம் தாண்டும்போது, கண்ணைத் திறக்காமலே கேட்டீர்கள். “பாக்கியம் இன்னும் என் மேல கோபமாத்தான் இருப்பா இல்ல?” நான் “தெரியலையேக்கா” என்றேன். போய்ப் பார்த்துக் கேட்டிருக்கலாம். குரோம்பேட்டையில் அவள் வீடு எனக்குத் தெரியும். போகவில்லை. நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தேன், வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன்.

உங்கள் பதினாறாம் நாள் பீர்க்கன்கரணைக்கு வந்திருந்தேன். ஏரிப் பக்கம் உங்கள் தெரு அடையாளமே தெரியவில்லை, அத்தனை வீடு. பந்தலின் ஓரத்தில் பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஸ்டேஷன் பூக்காரம்மா சொல்லித் தெரிந்துகொண்டு வந்தாளாம். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. அவளே கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“என்னை மன்னிச்சிரு பாக்கியம். அக்காவையும் மன்னிச்சிரு. உன்னை ஏமாத்தணும்னு அவங்க செய்யலை” என்றேன்.

“இன்னா ஏமாத்தறது? எனுக்கு அன்னிக்கே தெரியும்மா” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

“எட்டு வர்சமா அவங்க படிக்கசொல்ல பாத்துகினு கீறேன். தலைய நிமுத்தவே மாட்டாங்க. அன்னிக்குத் தண்ணி குடிச்சிட்டு, அதுக்கப்பறம் எம் மூஞ்சியப் பாத்துகினே படிச்சாங்க. புக்கப் பாக்காம எப்டிம்மா படிக்க முடியும்? எனுக்குன்னுதான் சொல்றாங்கன்னு புரிஞ்சிது. அதுக்குத்தான் அய்தேன். எம் புள்ளைக்காக இல்ல.”

“அப்புறம் ஏன் வேற பெட்டிக்குப் போயிட்ட?”

“நீ அத்தினி பேர் எதுர்ல சொன்னியே, அவங்க மூஞ்சி அப்டியே செத்துப் போச்சு. எனுக்கு பேஜாராப் போச்சு. என்னாலதான இந்த அவமானம்னு. அவங்கள எதுர்ல பாக்க முடியலம்மா. கோவம்லாம் ஒண்ணும் இல்ல.”

ரவி வந்தானா என்று கேட்டேன். தலையாட்டினாள். வரவில்லை.

இதுதான் அக்கா சேதி. பாக்கியத்துக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. நீங்கள் வெட்கப்படுவீர்கள் என்று அவளும், அவள் வருத்தப்படுவாள் என்று நீங்களும், அடுத்தடுத்த பெட்டியில் ஏழு வருஷம் போய் வந்திருக்கிறீர்கள். நடுவில் இருந்த பலகை நான்தான். என்னை மன்னித்துவிடுங்கள்.

கிளம்பும்போது பாக்கியம் ஒன்று கேட்டாள். “மழைல நனைஞ்சிகினு அந்தம்மா வூட்டாண்ட வந்து கதவத் தட்டிச்சே. பொண்ணு கதவத் தொறந்து, அடையாளம் தெரியாம, யாரு வேணும்னு கேட்டுச்சே. அதுக்கு அந்தம்மா இன்னா சொல்லிச்சு? அத்த மறந்துட்டேம்மா. எம்மா நாளா யோசிச்சிகினு கீறேன்.”

எனக்கும் ஞாபகம் இல்லை. எட்டு வருஷக் கதையும் பைண்டு செய்யப்பட்டு நூலகத்தில் இருக்கிறது, வரிக்கு வரி. நீங்கள் சொன்ன முடிவு எந்த அச்சிலும் இல்லை. பல்லாவரத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே காற்றில் சொன்னீர்கள். நாங்கள் கேட்டோம், கைதட்டினோம், பிறகு பொய் என்று தூக்கிப் போட்டோம்.

அதனால்தான் இதை அச்சுக்கு அனுப்புகிறேன். அன்றைக்கு எட்டு ஐந்து வண்டியில், பெண்கள் பெட்டியில் இருந்தவர்கள் இப்போது எங்கெங்கோ இருப்பார்கள். இதைப் பார்க்கிற யாருக்காவது ஒரு வரி ஞாபகம் இருந்தால் பத்திரிகை மூலமாக எனக்கு எழுதட்டும். அரை வரி என்றாலும் போதும்.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. கிடைக்கிறதை எல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை குரோம்பேட்டைக்குப் போய்ப் பாக்கியத்துக்கு உரக்கப் படிப்பேன். கதவு திறக்கிற இடத்துக்கு வரும்போது, அந்த வரி யாரிடமிருந்தும் வராமல் போயிருந்தால், காகிதத்தைக் கீழே வைத்துவிடுவேன். அவள் முகத்தைப் பார்த்து நானே ஒரு வரி சொல்வேன்.

அன்று உங்களைக் காட்டிக்கொடுத்த தங்கை,
மாலதி
மேற்குத் தாம்பரம்