மட்டித்திட்டுக்குச் சொந்தக்காரி

1980 மே 6

மண் அள்ளும் கப்பல் நேற்று மாலை வந்துவிட்டது. சொன்னவர் துறைமுக இழுவைப் படகில் வேலை செய்யும் கதிரவேல். காலையில் நானும் போய்ப் பார்த்தேன். சீனன்குடாவுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கிறது, புகைபோக்கியில் மஞ்சள் பட்டை. ஆக, தீவுகள் வெறும் கதை இல்லை.

வாடிவீட்டு விடுதியில் தீவு கட்டும் கம்பனி வைத்திருக்கும் மாதிரியை மறுபடி பார்த்தேன். நீல வர்ணக் கடலில் மூன்று செயற்கைத் தீவுகள், பஞ்சில் செய்த மரங்கள், வீட்டுக்கொரு படகுத்துறை. கொழும்புப் பணக்காரரும் வெளிநாட்டாரும் வாங்கக் காத்திருக்கிறார்களாம். அனுமதிச் சீட்டு இல்லாத தோணி கிட்ட வர ஏலாது என்று கம்பனி மனேஜர் பெருமையோடு சொன்னார்.

நடுத்தீவு வரப்போகும் இடத்தில்தான் கிண்ணியா ஊர்ப் பெண்கள் சேற்றில் கைவிட்டு மட்டிச் சிப்பி கிண்டும் திட்டு இருக்கிறது. மாதிரியில் அந்தத் திட்டே இல்லை.

மே 8

கிண்ணியாவில் விசாரணை. நில விவகாரம் பார்க்கும் காணிக் கந்தோர் அதிகாரி மரியாதையான மனிதர். "நிரப்பப்போகும் இடத்தில் யாருக்காவது உரிமை உண்டா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மட்டி கிண்டும் பெண்கள் மண்டபம் நிறைய இருந்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை.

கடைசியில் சுபைதா என்றவர், "அது ஒருத்தர்ர சொத்துமில்ல சேர். அல்லாஹ் போட்ட திட்டு," என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அதிகாரி அதையே முடிவாக எடுத்துக்கொண்டார்: உரிமை கோருவோர் இல்லை.

வெளியே றுக்கியாவைப் பிடித்தேன். எங்கள் வீட்டுக்குக் காலங்காலமாக மட்டி கொண்டுவருபவர். புருஷன் இல்லை, ஒரே மகள். ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"எப்புடி ஐயா அது எண்ட, எனக்குச் சொந்தமெண்டு செல்லுற? முந்தி ஒருத்தி தடி ஊண்டி, இது எண்ட பக்கமெண்டாள். மறுகா அவளைத் தோணியில ஏத்தயில்ல. சாகும்வரைக்கும் ஒருத்தரும் அவளோட கதைச்சதுமில்ல."

கை எட்டுமட்டும் கிண்டலாம், கோடு போடக்கூடாது. அதுதான் அங்கே வழக்கம். வழக்கத்தைக் காப்பாற்றித் திட்டைத் தொலைத்துவிட்டார்கள்.

மே 9

பத்திரிகைக்குச் செய்தி அனுப்பினேன். தீவுகளின் அழகையும் கொஞ்சம் எழுதச் சொல்கிறார் ஆசிரியர். இல்லாத தீவுக்கு என்ன அழகு?

மே 12

சட்டத்தரணி முத்தலிப் வந்திருந்தார். மாத முடிவுக்குள் யாராவது உரிமை கோரினால் வேலையை நிறுத்தி மறுவிசாரணை வைக்கலாம் என்றார். எல்லாருக்கும் உரிமை என்று எழுதிக் கொடுத்தால் எடுபடாதா என்றேன்.

"எல்லாரும் எண்டொரு ஆளைச் சட்டத்துக்குத் தெரியாது, இராசதுரை. பேரும் விலாசமும் வேணும்."

மே 15

நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டதில் றுக்கியா போய்ச் சொல்லிவிட்டார். கந்தோரில் நானும் முத்தலிப்பும் பக்கத்தில் நின்றோம். "அந்தத் திட்டு எண்ட. எண்ட உம்மா கிண்டின, நான் கிண்டுற."

திரும்பி வந்தபோது துறையில் பெண்கள் நின்றார்கள். "சொந்தக்காரி வாறா, வழி விடுங்கடி!" என்றார் சுபைதா. பெரிய சிரிப்பு. றுக்கியா முக்காட்டை இழுத்துக்கொண்டு நடந்தார்.

மே 18

தீவு வேலையை நிறுத்திவைத்தது உறுதி. கப்பல் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

மே 26

றுக்கியா இன்று மட்டி கொண்டுவரவில்லை. கிண்ணியாவுக்குப் போய்க் கேட்டேன். சுபைதாவின் தோணி இப்போது றுக்கியாவை ஏற்றத் துறையில் நிற்பதில்லையாம். கரையோரம் கழுத்தளவு நீரில் தனியே நின்று கிண்டிப் பார்த்திருக்கிறார். வெறும் ஓடுதான் வந்ததாம்.

யாருக்காகப் போய்ச் சொன்னார் இந்த மனுஷி?

ஜூன் 4

மனேஜர் கெட்டிக்காரர். உரிமை கோரியவர் ஒருவர் என்றால் சரிக்கட்ட வேண்டியதும் ஒருவரைத்தான்.

கோரிக்கையைத் திரும்பப் பெற்றால் கல்வீடு கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கிண்ணியாவில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில்தான் இருப்பார். றுக்கியாவின் மகள் நஜ்முன் நிஸாவுக்குப் பேசி முடித்து, வீட்டுக்காகத்தான் நிற்கிறது. கம்பனிக்கு இதை யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

கல்லும் சீமெந்தும் றுக்கியாவின் வீட்டு வளவில் இறக்கியாயிற்று. "நான் ஓமெண்டும் செல்லயில்ல, ஏலாதெண்டும் செல்லயில்ல ஐயா. லொறி வந்து கொட்டிப்போட்டுப் போகுது," என்றார். அந்தச் சீமெந்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

பேரும் விலாசமும் வேணுமாம்! பேரையும் விலாசத்தையும் கொடுத்து அவரை நாங்களே காட்டிக்கொடுத்தோம்.

ஜூன் 8

மனைவி இரத்தினேஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "எங்களுக்கு ஒரு பெட்டை இருந்து, வீடில்லாமல் கலியாணம் நிண்டால் நீங்கள் என்ன செய்வீங்கள்?"

நீ என்ன செய்வாய் என்று திருப்பிக் கேட்டேன்.

"பேப்பர்காரருக்குக் கேக்கத்தானே தெரியும்," என்று துருவலைத் தொடர்ந்தாள்.

ஜூன் 13

கல் இறக்கியதை நான் எழுதவில்லை. கண்ணால் கண்டது, உரியவரே சொன்னது, உறுதியான செய்தி. அச்சில் வந்தால் றுக்கியா அந்த ஊரில் இருக்க ஏலாது. இப்படி ஒரு செய்தியை நான் கையில் பிடித்து வைத்திருப்பது இதுதான் முதல் தடவை. சரியா, பிழையா — தெரியவில்லை.

ஜூன் 19

மறுவிசாரணை. முன்வரிசைக் கதிரையில் மனேஜர், கால்மேல் கால். வளவில் கிடக்கும் கல்லைப் பற்றி மண்டபத்தில் தெரியாதவர் இல்லை. நான் எழுதாமல் விட்டு என்ன, ஊர் அதைக் கதைத்து முடித்துவிட்டது.

"கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறீர்களா?" என்று அதிகாரி கேட்டார்.

றுக்கியா எழும்பி, பெண்கள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இல்ல சேர். அது எண்டதான். ஆனா எண்ட மட்டுமில்ல, சுபைதாடயும்."

எல்லாரும் சுபைதாவைப் பார்த்தார்கள். அவர் இருந்த இடத்திலேயே நெளிந்தார்.

"எழும்பு புள்ள," என்றார் றுக்கியா. "நான் ஒருத்தி வெக்கங்கெட்டது காணாதா?"

சுபைதா எழும்பினார். "ஓம் சேர். எண்டயும்தான்." பேர், விலாசம் சொன்னார். அவருக்குப் பின்னால் வேறு சிலர். எல்லாரும் இல்லை, பாதிப்பேர்கூட இல்லை. மற்றவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனேஜர் காலை இறக்கி வைத்தார்.

ஜூன் 26

கிண்ணியா போனேன். கம்பனி லொறி வந்து கல்லையும் சீமெந்தையும் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மூட்டைகள் இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சதுரம். நஜ்முன் நிஸா அதைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

உம்மா எங்கே என்று கேட்டேன்.

"மட்டிக்குப் போய்ட்டா. சுபைதா மாமி துறையில வந்து நிண்டு, 'சொந்தக்காரி, ஏறுங்க'ண்டு சத்தம் போட்டா. உம்மா சிரிச்சிக்கிட்டுப் போனா."

அவள் சிரிக்கவில்லை. சதுரம் போவதாகவும் இல்லை. தண்ணீர் பட்டு இறுகியிருக்கும். அவள் விடாமல் கூட்டினாள்.

கப்பல் இன்னும் நிற்கிறது. காணிக் கந்தோரின் முடிவு ஜூலை 10ஆம் திகதி வரும், அதிகாரியே சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் முடிவை நோன்பு தொடங்குமுன் சொல்லியனுப்புவார்களாம். இதைச் சொன்னவள் நஜ்முன் நிஸா, விளக்குமாற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.