கோமதியின் ஒரிஜினல் சர்டிபிகேட்

கிள்ளான்,
19.4.1989

மகன் விஜயனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கப்பல் பட்டறையில் உனக்கு ஒரு கீறலும் விழாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். எப்போதும் நான் சொல்லச் சொல்ல கோமதிதான் எழுதுவாள். இதை அவளை எழுதச் சொல்ல முடியாது. மூன்றாம் வகுப்பு எழுத்து, கோணலாக இருக்கும். முழுக்கப் படி.

போன சனிக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் எங்கள் மேசையைச் சுற்றி இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மகள் கோமதி. நான். மலாய் பேசத் துணைக்கு வந்த பக்கத்து வீட்டு ரமணி. வேலை வழிகாட்டி ஆசிரியர் ஜெயராஜ். ஷா ஆலாம் எலக்ட்ரானிக் ஃபேக்டரிக்கு ஆள் எடுக்க வந்த மிஸ் லிம். இவ்வளவு பேர்தான். உன் மனைவி சீதாலெட்சுமிக்குக் கையுறை ஃபேக்டரியில் ஷிப்ட், வர முடியவில்லை.

ரிசல்ட் வந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, யாருக்கு என்ன வேலை என்று வழிகாட்டுகிற நாளாம் அது. ஜெயராஜ் சார் சுவரில் பெரிய அட்டை ஒட்டி, எந்த ஃபேக்டரிக்கு எத்தனை பேர் வேண்டும் என்று குச்சியால் காட்டினார். கை வேகமான பெண்களுக்கு இப்போது நல்ல காலம், பஸ் வீட்டு வாசலுக்கே வரும் என்றார். ரமணி என் காதில், “எழுவத்தொம்பதுலயும் இதே பாட்டுதான் பாட்டி. ஆறு வருசம் மைக்ரோஸ்கோப்புல குனிஞ்சேன். எம்பத்தஞ்சுல ஆர்டர் கொறஞ்சதும் போம்மான்னுட்டாங்க. கண்ணுதான் மிச்சம்லா” என்றாள். அவளுக்கு வயது இருபத்தெட்டு. கண்ணாடி இல்லாமல் அரிசியில் கல் பொறுக்க முடியாது.

கோமதி கணக்கிலும் விஞ்ஞானத்திலும் ஏ ஒன்று. ஈப்போ பாலிடெக்னிக்குக்கு மனுப் போட்டிருப்பதை அவளே உனக்கு எழுதினாள். நீயும் நல்லது என்று பதில் போட்டாய். அதை சாரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், “அதுக்குப் பதில் வர்றப்ப வரட்டும் பாட்டி, இப்ப இதுல பேரைக் கொடுத்து வைங்க” என்றார். நம் ஆள்தானே என்று நம்பினேன்.

அங்கேதான் என் தப்பு. மற்றவர்கள் எல்லோரும் சர்டிபிகேட்டை போட்டோஸ்டேட் எடுத்து வந்திருந்தார்கள். நான் மட்டும் பிஸ்கட் டின்னைத் திறந்து பிறப்புப் பத்திரத்தையும் பள்ளிச் சர்டிபிகேட்டையும் ஒரிஜினலாகவே கொடுத்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும். எழுபதாம் வருடம் குடியுரிமை இல்லாத சிவப்பு ஐ.சி.க்காரர்கள் எல்லோரும் வேலை பெர்மிட்டுக்கு அலைந்தபோது, நகல் கொண்டுபோனேன் என்று கவுண்டர்க்காரன் என் காகிதத்தைத் தரையில் எறிந்தான். மூன்று மாதம் வேலை இல்லாமல் கிடந்தேன். அதிலிருந்து நகலைக் கையால் தொடுவதில்லை. மிஸ் லிம் சிரித்தபடி வாங்கி உறையில் போட்டு ஒட்டினாள். அவள் நீட்டிய தாளில் நான் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை ஈப்போவிலிருந்து கடிதம் வந்தது. இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை காலை நேர்முகம். ஒரிஜினல் இல்லாமல் வந்தால் உள்ளே விடமாட்டார்கள். கோமதி அழவில்லை. கடிதத்தை மடித்து மடித்து நகம் அளவுக்கு ஆக்கிவிட்டாள்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு நானும் ரமணியும் ஷா ஆலாம் ஃபேக்டரிக்குப் போனோம். இரண்டு வருட ஒப்பந்தம் முடியும்வரை சர்டிபிகேட் ஆபீசில்தான் இருக்குமாம். கையெழுத்துப் போட்டவள் நான், நானே ரத்து செய்கிறேன் என்றேன். மிஸ் லிம் முடியாது என்று தலையாட்டினாள். “நீங்க இல்லையாம் பாட்டி, சம்மதம் கொடுத்த அப்பாதான் வரணுமாம்” என்று ரமணி சொன்னாள். என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், எங்கே சம்மதம் கொடுத்தான் என்று சத்தம் போட்டேன். காவல்காரன் எங்களை வெளியே அனுப்பிவிட்டான்.

நேரே பள்ளிக்கூடம் போனேன். ஜெயராஜ் சாரை வாய்க்கு வந்தபடி பேசினேன். உன் மகளை நல்ல படிப்புக்கு அனுப்பிவிட்டு என் பேத்தியை ஈயம் பற்றவைக்க அனுப்புகிறாயா என்று கேட்டேன். அவர் பிள்ளைகளை வெளியே போகச் சொல்லி, ஃபைலிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். மலாயில் இருந்தது, படிக்கத் தெரியவில்லை. கையெழுத்துக்கு அடியில் இரண்டு கோடு இழுத்து ஒரு புள்ளி வைத்திருந்தது. அது யார் பழக்கம் என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. “அவருதான் கேட்டுக்கிட்டாரும்மா. பாலிடெக்னிக் பேச்சையே எடுக்காதீங்க, ஃபேக்டரியிலயே சேத்துடுங்கன்னு. அப்பா வார்த்தைக்கு மேல நான் என்ன செய்ய?” என்றார்.

உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. வெல்டிங் படித்த உன்னையே எண்பத்தைந்தில் இரும்பு ஃபேக்டரி வெளியே தள்ளியது. படித்தும் என்ன கண்டோம் என்று நினைத்திருப்பாய். அதை என்னிடம் சொல்லியிருக்கலாம். பிள்ளைக்கு நல்லது என்று எழுதிவிட்டு, அதே கையால் இதை எழுதினாயே!

அறுபத்திரண்டில் காப்பார் தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதும் கிராணி சோலையப்பன் நம் வீட்டு வாசலுக்கு வந்தார். பையனுக்குப் பதின்மூன்று வயசாச்சு, கை வேகமா இருக்கு, பால்வெட்டுக்குப் பேரை எழுதிக்கிறேன், ரப்பருக்கு எப்போதும் ஆள் வேண்டும் என்றார். நீ கதவுக்குப் பின்னால் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். எழுதினால் பேனாவை முறிப்பேன் என்றேன். அன்று நீ போட்டிருந்த சட்டையின் நிறம்கூடச் சொல்வேன்.

கோமதிக்கு இது எதுவும் தெரியாது. சார்தான் கெடுத்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் நினைப்பு அப்படியே இருக்கட்டும். நீ இருபத்தேழாம் தேதி வியாழக்கிழமை காலை இங்கே வந்து சேர். ஷா ஆலாம் போய் ரத்து செய்து, உறையை வாங்கி, அன்றே பிள்ளையை ஈப்போவுக்குக் கூட்டிப் போ. அவள் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவைத்திருக்கிறாள். நான் வாசலில் நிற்பேன்.

நல்லா இரு, சாமி. கை கால் சுகத்தோடு நீண்ட நாள் இரு.

ஆசீர்வாதத்துடன்,
அம்மா இராஜம்மா

கையெழுத்துப் போட்ட பிறகு இன்னொன்று. கிராணி செத்து ஒன்பது வருடம் ஆகிறது, நான் பிணத்தைப் பார்க்கக்கூடப் போகவில்லை. இன்று காலை விளக்கு ஏற்றும்போது அவரை மன்னித்துவிட்டேன். அவர் கேட்டது ஊரார் பிள்ளையை. கவுண்டர்க்காரனையும், மிஸ் லிம்மையும், ஜெயராஜ் சாரையும் விட்டுவிட்டேன். வியாழக்கிழமை பொழுது சாய்ந்தும் வாசல் காலியாக இருந்தால், நான் கண்மூடும்வரை மன்னிக்காத பெயர் ஒன்றே ஒன்றுதான்.

விஜயன்.