பாக்கெட்டில் நிற்காத போன்

செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் சின்னவளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அப்படித்தான் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுத வந்தேன், கை வர மாட்டேன் என்கிறது. அப்பாவுக்கு வலது கை வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது. பேச்சு பாதி வருகிறது, மீதியை நானாக ஊகித்துக்கொள்கிறேன், தப்பாக ஊகித்தால் அவருக்குக் கோபம் மட்டும் முழுசாக வருகிறது. இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டார், சட்டை கொஞ்சம் சாப்பிடும், அவர் கொஞ்சம் சாப்பிடுவார். என் முட்டிவலியை விட்டுத்தள்ளு, அது பழைய கதை. போனில் சொல்லாமல் இவள் ஏன் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்கிற வேகத்தில் எனக்குச் சொல்ல வந்ததே மறந்துபோகிறது. பக்கத்தில் அப்பா வேறு இருப்பார், இது அவர் காதில் விழ வேண்டிய பேச்சு இல்லை. அதனால் லாண்டரியில் தலையணை உறை அடுக்குகிற மேஜையில் ஒரு மூலையை ஒதுக்கிக்கொண்டு எழுதுகிறேன், தாளில் ஈரம் பட்டிருந்தால் அது நீராவி, நான் அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபமாகத்தான் எழுதுகிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பா வந்திருந்தார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி, அன்னிக்கு நீங்க போனை மட்டும் எடுத்திருந்தா அண்ணனுக்கு இந்தக் கதி வந்திருக்காதுல்ல என்றார். உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். பெரியவன்தான் சொன்னான் என்று உன்னைச் சொன்னார். அவ்ளோ பெரிய போன் வாங்கிக் குடுத்திருக்கேன் சித்தப்பா, அம்மா அதை எங்கயாவது போட்டுட்டுப் போயிடுறாங்க, என்ன பண்றது என்று நீ சொன்னாயாம். முப்பத்திரண்டு வருஷம் அந்த மனிதரோடு குடித்தனம் செய்தவளைப் பார்த்து அவருடைய தம்பி இப்படிக் கேட்கிறார். நீயும் என்னை ஒரு தடவை கேட்டிருக்கிறாய், ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நின்றபோது, ஏம்மா எடுக்கல என்று. அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வாயைத் திறக்காததை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டாய்போல இருக்கிறது. ஐந்து மாதம் கழித்து இப்போது பதில் சொல்கிறேன், நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

எழுத்து பொடிசாக இருக்கிறது, கண் தெரியவில்லை என்று சொன்னவள் நான்தான், மறுக்கவில்லை. அதற்கு நீ கடையிலேயே பெரிய போனாகப் பார்த்து அனுப்பினாய். வயசானவங்களுக்கு ஸ்கிரீன் பெரிசா இருந்தாதான் சௌகரியம்னு கடைக்காரன் சொன்னாம்மா என்றாய். கடைக்காரன் உன் அம்மாவைப் பார்த்திருக்கிறானா, நான் என்ன வேலை செய்கிறேன் என்று உன்னைக் கேட்டானா, கேட்டிருந்தால் நீதான் சொல்லியிருப்பாயா. இருந்தாலும் வந்த புதுசில் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பஸ்ஸில் போகும்போது பையன் அனுப்பியது என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் கேட்காமலே காட்டினேன். மருந்துச்சீட்டைப் படம் எடுத்து விரலால் விரித்துப் படித்தேன், சின்னவள் நடக்கிற வீடியோவைப் பத்துத் தடவை பார்த்தேன். நல்லதை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த நாளில்தான் இதெல்லாம். நின்றுகொண்டு போகிற நாளில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும், மற்றக் கையால் அந்தப் போனைப் பிடிக்கத்தான் முடியும், கட்டைவிரல் மேலே எட்டாது, எட்ட வைத்தால் போன் நழுவும். படுத்துக்கொண்டு பார்த்தால் மூக்கில் விழும், ஒரு தடவை விழுந்து வீங்கி, வேலைக்கு வந்தபோது வீட்டில் அடிதடியா என்று கேட்டார்கள். லாண்டரியில் பார்த்தவளெல்லாம் அக்கா இது போனா, டீ கொண்டு போற தட்டா என்று கேட்டுச் சிரித்தார்கள், நானும் கூடவே சிரித்தேன்.

எங்கள் யூனிபார்ம் சட்டையில் ஒரே ஒரு பாக்கெட், இடுப்புப் பக்கத்தில், நாலு விரல் அகலம். படுக்கை விரிப்பை ஈரத்தோடு இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து இஸ்திரி போடுகிற ரோலரில் கொடுக்க வேண்டும், சூட்டோடு அது உள்ளே இழுத்துக்கொள்ளும். பாக்கெட் பெரிதாகவோ தொளதொளவென்றோ இருந்தால் துணியோடு சேர்த்து ஆளையும் இழுத்துவிடும், அதனால்தான் அதைச் சின்னதாகத் தைத்திருக்கிறார்கள். பழைய போன் அதில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். மெஷின் சத்தத்தில் மணி கேட்காவிட்டாலும் இடுப்பில் நடுங்கும், ஓரமாக ஒதுங்கி எடுத்துவிடுவேன். பத்து வருஷத்தில் உன் அப்பா கூப்பிட்டு நான் எடுக்காத நாள் ஒன்று உண்டா என்று அவரையே கேள், தலையை ஆட்டியாவது சொல்வார். நீ அனுப்பியது அந்தப் பாக்கெட்டில் பாதிதான் இறங்கும், மீதி வெளியே எட்டிப் பார்க்கும். முதல் வாரமே நான் குனிந்து அழுக்குத் துணியை வாரும்போது நழுவிக் குவியலுக்குள் போய்விட்டது. மெஷின் கதவைச் சாத்தப் போனவள் உள்ளே வெளிச்சம் தெரிகிறதே என்று பார்த்ததால் தப்பியது. சூப்பர்வைசர் அம்மா வந்து, இனிமே இந்தப் பலகையை உள்ள எடுத்துட்டு வராதீங்க, லாக்கர்ல வச்சிட்டு வாங்க என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. பாக்கெட்டைப் பெரிதாகத் தைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தேன், கை வேணுமா வேண்டாமா என்று கேட்டார். பழையதையே எடுத்துக்கொண்டு வரலாம் என்றால், அதைத்தான் நீ சொன்னபடி கடையில் கொடுத்துத் தொலைத்துவிட்டேனே.

இதை நான் உன்னிடம் சொல்லவில்லையா. நன்றாக யோசித்துப் பார். போன் வந்த இரண்டாவது வாரம், நீ காரில் போய்க்கொண்டிருந்தாய், பாக்கெட்ல நிக்க மாட்டேங்குதுடா, லாக்கர்ல வச்சுட்டுதான் வேலைக்குப் போறேன், அவசரத்துக்குக் கூப்பிட்டா தெரியாது, சின்னதா ஒண்ணு பாரேன் என்றேன். நீ சிரித்தாய். பழகிடும்மா, இப்ப எல்லாரும் பெரிசுதான் வச்சிருக்காங்க, சின்னது எங்க கிடைக்குது என்றாய். நானும் பிள்ளை ஆசையாக அனுப்பியதைக் குறை சொல்ல வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு, அந்தத் தப்பை மட்டும் என் பேரில் எழுதிக்கொள். எங்கேயோ போட்டுவிட்டுப் போகிறாள் என்று சொன்னாயே, எங்கே போட்டேன் என்று உனக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் ஏழு மணிக்கு மெஷினில் நின்றேன். எட்டேகாலுக்கு அப்பா சமையலறையில் நாற்காலியிலிருந்து சரிந்திருக்கிறார். அவருடைய பட்டன் போனில் இரண்டாம் நம்பரை அழுத்திப் பிடித்தால் எனக்கு வரும், நீதானே அப்படி வைத்துக் கொடுத்தாய். இடது கையால் அதையே அழுத்தி அழுத்திப் பதினொரு தடவை கூப்பிட்டிருக்கிறார். வேறு யாரையும் தேடிக் கூப்பிட அவருக்கு அப்போது கண்ணும் ஓடவில்லை விரலும் ஓடவில்லை. பத்து மணி டீ எங்களுக்கு மெஷின் பக்கத்துக்கே வந்துவிடும், லாக்கர் பக்கம் போக வேலையில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல்வீட்டு டைலரம்மா அப்பாவிடம் கத்தரிக்கோல் சாணை பிடிக்கக் கொடுக்க வந்தவள் கதவு திறந்திருக்கிறதே என்று எட்டிப் பார்த்திருக்கிறாள். அவள்தான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, எனக்கு நாலு தடவை கூப்பிட்டு, பிறகு உனக்குச் சொன்னாள். நீ ஆறு தடவை கூப்பிட்டிருந்தாய். ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவை எடுக்க லாக்கரைத் திறந்தேன். அத்தனையும் வரிசையாக இருந்தது. கண்ணாடி போடாமலே படித்தேன், அந்த விஷயத்தில் உன் போனைக் குறை சொல்ல முடியாது.

முன்னாடியே கொண்டு வந்திருந்தா கை தப்பிச்சிருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். தப்பிச்சிருக்கலாம், தப்பிக்காமலும் போயிருக்கலாம், சொல்ல முடியாது என்றார். இந்தச் சொல்ல முடியாது என்ற வார்த்தையை வைத்துக்கொண்டுதான் ஐந்து மாதமாகக் காலம் தள்ளுகிறேன். அவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடும்போதெல்லாம் அது ஞாபகத்துக்கு வரும். நீயும் உன் மனசுக்குள் எதையாவது நினைத்துக் குமைந்துகொண்டிருப்பாய், அது எனக்குத் தெரியாமலில்லை. அதை இறக்கிவைக்க உனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது, அதற்கு என் தலைதான் கிடைத்ததா.

அந்தப் போன் இப்போது என்னிடம் இல்லை. டைலரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபப்படு, பரவாயில்லை. அவள் நாள் முழுக்க மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறவள், போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு சட்டை டிசைனைப் பெரிதாக்கிப் பார்த்து வெட்டுகிறாள், அவளுக்கு அது வரப்பிரசாதம். பெரிசு நல்லதா சின்னது நல்லதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. உட்கார்ந்து பார்க்கிறவளுக்கா, நின்றுகொண்டே நாளை ஓட்டுகிறவளுக்கா என்று கேட்டால்தான் தெரியும். நான் பழைய போன் விற்கிற கடையில் ஒரு பொடிசை வாங்கிக்கொண்டேன். எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். நம்பர் அதேதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதற்குத்தான் அப்பா காதில் விழக்கூடாது என்றேன். அவருக்கு உடம்பு முடியாமல் போன பிறகு, அந்தப் பெரிய போனை ஜன்னல் கட்டையில் நிறுத்தி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உன்னைக் காட்டினேன். அப்பா ஏன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிறார், என்மேல கோபமா என்று மூன்று நாலு தடவை கேட்டாய், சோர்வா இருக்கார்டா என்று நான் மழுப்பினேன். சோர்வு இல்லை. சின்னப் போனில் உன் முகம் கட்டைவிரல் அளவுதான் தெரியும், எங்களைத்தான் பார்க்கிறாய் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். பெரியதில் எல்லாமே தெரிந்துவிட்டது. உன் கண் எங்கள்மேல் இல்லை. உன் மூக்குக்கண்ணாடியில் வேறு ஏதோ ஓடுகிறது, நீலமும் வெள்ளையுமாக மேலே மேலே போய்க்கொண்டே இருக்கிறது. அவர் ஒரு வார்த்தையை வெளியே கொண்டுவர முகமெல்லாம் வேர்த்து, வாய் கோணி, அத்தனை பாடு பட்டுக்கொண்டிருக்கும்போது, நீ உம், அப்படியாப்பா என்கிறாய், விரல் எங்கேயோ எதையோ தள்ளிக்கொண்டிருக்கிறது. எனக்கு முன்னாலேயே அவர் கண்டுபிடித்துவிட்டார். நீ வைத்த பிறகு, அவன், வேற, பாக்குறான் என்று மூன்று வார்த்தை சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவர் கோர்வையாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். அடுத்த வாரத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார்.

சாப்பாட்டு மணி முடியப் போகிறது, ரோலர் சூடாகிக்கொண்டிருக்கிறது. எனக்கு எத்தனை கோபம் இருந்தாலும் நீங்கள் மூன்று பேரும் தீர்க்காயுசாக, ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். சின்னவளுக்கு என் முத்தம், மருமகளுக்கு என் அன்பு. நேரத்துக்குச் சாப்பிடு. இந்த வாரமே சித்தப்பாவைக் கூப்பிட்டு, போன் லாக்கரில் இருந்தது, அது எனக்குத் தெரியும் என்று உன் வாயாலேயே சொல்லிவிடு, நான் சொன்னால் அது சாக்கு ஆகிவிடும். அப்பாவோடு பேசும்போது படம் வேண்டாம், குரல் போதும். குரல் மட்டும் வந்தால் அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறார், நீ தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறார். அதை அவருக்கு விட்டுவை.

இப்படிக்கு,
உன் அம்மா