பாங்குக்கு நிறுத்திய திட்டு

நம் மகள் சிம்ராவின் அத்தாவுக்கு, சலாம்.

உங்களைப் போலீஸ் கூட்டிப்போன மறுநாளே வக்கீலம்மா சொல்லிவிட்டார்: "போன்ல எதையும் அழிச்சிடாதம்மா, அது தனி கேஸாயிடும்."

அதனால் தப்பியது, சம்பவம் நடந்த அன்று மதியம் தி. நகர் கடையிலிருந்த எனக்கு நீங்கள் வீட்டிலிருந்து அனுப்பிய குரல் பதிவு. குழம்பில் உப்பில்லை என்று கத்துகிறீர்கள். பாங்கு கேட்டதும் வாயை மூடிக்கொண்டீர்கள், பதிவை நிறுத்தவில்லை. நடுவில், பாங்கு சொல்லும் நம் மயிலாப்பூர் பள்ளிவாசல் மோதினார் இருமுகிறார். கண்ணை மூடிக் கேட்டால் வீடே மெல்ல மிதக்கிறது. ஜன்னலோரம் நீங்கள் நிற்கிறீர்கள்.

அந்நேரம் நீங்கள் குற்றம் நடந்த ஈக்காட்டுத்தாங்கலில் இருந்ததாகத்தானே போலீஸ் சொல்கிறது? அந்த இருமல் உங்களைக் காப்பாற்றும் என்கிறார் வக்கீலம்மா.

நாளை போனையே கோர்ட்டில் கொடுக்க வேண்டுமாம். அப்புறம் வீட்டில் உங்கள் சத்தமே இருக்காது. சீக்கிரம் வந்து திட்டுங்கள்.

இப்படிக்கு,
உப்பு போட மறந்தவள்