வாசலில் கழற்றிய ஷூக்கள்

மேடம்,

இன்று காலை நூலகத்தில் தரைவிரிப்பைக் கழுவியிருந்தார்கள். அந்த ஈர வாடைக்குள் உட்கார்ந்துதான் உங்கள் ஊர்ப் பத்திரிகை உங்களுக்கு எழுதிய இரங்கல் குறிப்பைப் படித்தேன். நடமாடும் நூலக வண்டி ஓட்டத் தொடங்கி, ஒரு நகரத்தின் அத்தனை கிளைகளுக்கும் இயக்குநராக உயர்ந்தவர். ஓய்வுக்குப் பின் ஷார்ஜாவுக்குப் போய், கட்டடத் தொழிலாளர்களுக்கும் நூலகக் கதவைத் திறந்துவிட்டவர் என்று எழுதியிருக்கிறார்கள். முதல் பாதி உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னீர்கள். உங்கள் உதவியாளராக இருந்த எனக்கு அது வரவில்லை. "நூலகம் என்றால் கதவு. புத்தகம் பிறகு" என்பீர்கள். இங்கே, ஷார்ஜாவின் முவைலா பகுதி நூலகத்தில், உறுப்பினராவதற்குப் பாஸ்போர்ட் கேட்டார்கள். தொழிலாளிகளின் பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது. அந்த விதியை நீங்கள் எடுக்கவைத்தீர்கள். தமிழ்ப் பத்திரிகைகளும் வரவழைத்தீர்கள். சுலபத்தில் யாரையும் நம்பாத நான் உங்களை நம்பினேன்.

அவர்களுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை ஒன்றுதான். வந்தார்கள். வந்தவர்கள் ஷூவை வாசலிலேயே கழற்றினார்கள். சிமெண்ட் படிந்த ஷூக்கள் கண்ணாடிக் கதவின் முன் குவிந்தன. போட்டுக்கொண்டே வரலாம் என்று தமிழில் சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன்.

"ஒரு புத்தகத்துல காலு பட்டாலே தொட்டுக் கும்பிடுறோம். இவ்ளோ இருக்கிற எடத்துல எப்படி மேடம்?" என்றார் பெரம்பலூர்க்காரர் முருகேசன்.

"இவன் சாக்ஸ் நாத்தத்துக்கு ஷூவோட விடுறதே நல்லது" என்றார் பின்னால் நின்றவர். நான் மொழிபெயர்த்ததும் நீங்கள் சிரித்தீர்கள்.

நிர்வாகக் குழுத் தலைவர் சிரிக்கவில்லை. இது நூலகமா, தொழிலாளர் தங்கும் கேம்ப்பா என்று கேட்டார். இனி வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு வருபவர்களுக்கு மட்டும் என்று முடிவாயிற்று. ஒரு கிளையை மூடவிடாமல் மேயரையே எதிர்த்து நின்றதாகச் சொல்வீர்களே, அன்று நீங்கள் வாய் திறக்கவில்லை. உங்கள் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. "நீயே சொல்லிவிடு. உன் மொழிதானே" என்றீர்கள்.

மறு வெள்ளி வாசலில் நின்று சொன்னேன். நீங்கள் உங்கள் அறையில் இருந்தீர்கள். யாரும் கோபப்படவில்லை. முருகேசன் மட்டும் கொஞ்சம் நின்றார்.

"நாங்க ஷூ போட்டுக்கிட்டே வர்றோம் மேடம். அப்ப விடுவீங்களா?"

பிறகு நீங்கள் ஊர் திரும்பினீர்கள். இங்கே செய்த பணிக்காக விருதும் கொடுத்தார்கள். வாசலில் அந்தத் தொழிலாளிகள் என்ன சொன்னார்கள் என்று அன்று நீங்கள் கேட்கவில்லை. நானாக மொழிபெயர்க்கவும் இல்லை. முருகேசனின் அந்தக் கேள்வி என்னிடம் இன்னும் தமிழிலேயே இருக்கிறது.