தைப்பூசத்துக்கு முன் மாற்றிய பம்பர்

ஜனவரி 4, ஞாயிறு

கோயமுத்தூரிலிருந்து பம்பர் வந்துவிட்டது. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. விற்றவர் சுற்றியிருந்த பேப்பரை உரிக்கவே அரை மணி நேரம் ஆனது. மெல்லிசாக, ஓரத்தில் வளைந்து, அறுபத்தாறாம் வருஷத்து பீட்டில் காருக்கு எது இருக்க வேண்டுமோ அதுவேதான். இப்போது எங்கள் வண்டியில் இருப்பது பிற்பாடு வந்த மாடலின் பம்பர். பெட்டி மாதிரி பட்டையாக, ஏக கனம். சின்ன முகத்துக்குப் பெரிய மீசை ஒட்டினதுபோல இருக்கும்.

பிப்ரவரி ஒன்றாம் தேதி தைப்பூசம். அன்றைக்கு வண்டி அண்ணனிடம் போக வேண்டும். நான்கு வாரம் இருக்கிறது. அதற்குள் மாற்றிவிடலாம்.

மாற்றலாமா?

ஜனவரி 6, செவ்வாய்

டிங்கர் மாதவன் வந்து பார்த்தான். தூத்துக்குடிப் பக்கத்து ஆள், பதினைந்து வருஷமாகப் பல்லடம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறான். கழற்றி மாட்டுகிற வேலை இல்லையாம் இது. இரண்டு பம்பருக்கும் தாங்கி வேறு, மட்கார்டில் ஓட்டை இருக்கிற இடமும் வேறு. அந்தக் காலத்தில் அடைத்த ஓட்டையைத் திறக்க வேண்டும், இப்போதுள்ளதை அடைக்க வேண்டும்.

“வெல்டு வச்சி அடைச்சா அடைச்சதுதான் அண்ணாச்சி. நல்லா யோசிச்சிக்கிடுங்க.”

அவன் போனதும் என் மனைவி சித்ரா ஆரம்பித்தாள். “ஏனுங்க, உங்க அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

என் முறை நடக்கும்போது நான் எதற்குக் கேட்க வேண்டும் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எழுதியே வைக்கிறேன், எனக்கே தெளிவாகட்டும். 2021இல் அப்பாவின் பனியன் கம்பெனியைப் பிரித்தபோது மெஷின், இடம், ஆர்டர் எல்லாவற்றையும் பெரியவர்கள் பாகம் போட்டார்கள். எனக்கு அருள்புரம் யூனிட், அண்ணன் அர்த்தநாரிக்கு மங்கலம் ரோடு யூனிட். அப்பா வாங்கிய இந்தக் காரை மட்டும் அறுக்க முடியவில்லை. தைப்பூசத்திலிருந்து ஆடிப் பதினெட்டு வரை அண்ணனுக்கு, பிறகு தை வரை எனக்கு என்று பேசி முடித்தார்கள். இதுவரை ஒன்பது முறை கை மாறியிருக்கிறது. ஒரு தடவைகூட நாங்கள் இருவரும் நேரில் நின்றதில்லை. டிரைவர் வருவார், சாவி வாங்குவார், போவார். கல்யாண வீட்டில் எதிர்ப்பட்டால் “சாப்டாச்சா” வரைக்கும்தான் பேச்சு.

இந்தக் கார் ஒன்றுதான் இன்னும் பொதுவாக இருக்கிறது. இதிலும் தகராறு வந்தால் அப்புறம் “சாப்டாச்சா”கூட இருக்காது.

ஜனவரி 7, புதன்

தூக்கம் சரியில்லை.

ஜனவரி 9, வெள்ளி

ஏன் இந்தப் பம்பர் மேல் இத்தனை கோபம்? நியாயமாகப் பார்த்தால் அதுதான் வலுவானது. பல்லடம் ரோட்டில் கம்பெனி பஸ்ஸும் லாரியும் வருகிற வேகத்துக்கு மெல்லிய பம்பர் ஒரு அலங்காரம், அவ்வளவுதான்.

ஆனால் எனக்குத் தெரியும். 1997இல் நான்தான் மங்கலம் பாலத்துச் சுவரில் கொண்டுபோய் இடித்தேன். முதல் பம்பர் மடங்கி உள்ளே வந்து, என் வலது முட்டியில் ஒன்பது தையல். அப்பாவிடம் அண்ணன், தானே ஓட்டியதாகச் சொன்னார். அடி வாங்கிக்கொண்டார். சரி. அடுத்த வாரமே எங்கிருந்தோ இந்தக் கனத்த பம்பரைக் கொண்டுவந்து மாட்டி, பார்க்கிறவர்களிடமெல்லாம் “தம்பி ஓட்டற வண்டியாச்சே” என்று சிரித்தார். ஊரே சிரித்தது. இருபத்தெட்டு வருஷமாக அந்தச் சிரிப்பை முன்னால் மாட்டிக்கொண்டுதான் நான் இந்த வண்டியை ஓட்டுகிறேன்.

மாதவனுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

கழற்றியாயிற்று. பெரிய பம்பரை இரண்டு பேர் பிடித்து இறக்கினோம். புதியதை ஒரு கையால் தூக்கலாம்.

ஓட்டைகளை வெல்டு வைத்து அடைக்க மாதவன் தயாராக நின்றான். கடைசி நேரத்தில் எனக்குத் தைரியம் வரவில்லை. உள்பக்கம் தகடு வைத்து போல்ட் போட்டு மூடச் சொன்னேன். “பொறவு கழத்தலாம்னா?” என்று கேட்டான். சும்மா சொன்னதாகச் சொன்னேன்.

கனத்த பம்பர் இரண்டும் பளபளப்பு கெடாமல் இருக்க, கட்டிங்கில் மிஞ்சிய பனியன் துணியைச் சுற்றிக் கட்டி வேஸ்ட் ரூம் மூலையில் சாய்த்துவைத்தேன். எட்டு போல்ட்டையும் பட்டன் டப்பா ஒன்றில் போட்டு மேசை டிராயரில் வைத்தேன். அண்ணன் கேட்டால் இந்தாங்க என்று கொடுத்துவிடலாம். அந்த அளவில் மனசு ஆறியது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அண்ணன் வீட்டிலிருந்து கரும்பு வந்தது, டிரைவர் மூலம். வண்டி ஷெட்டுக்குள் மூடிக் கிடந்தது. டிரைவர் கண்ணில் படவில்லை.

ஜனவரி 19, திங்கள்

போச்சு.

பொங்கல் லீவு முடிந்து இன்றுதான் கம்பெனி முழுசாக ஓடியது. வேஸ்ட் ரூமைத் திறந்தால் மூலை காலி. சனிக்கிழமை வேஸ்ட் எடுக்கிற ஞானசம்பந்தத்தின் ஆட்கள் வழக்கம்போல வந்திருக்கிறார்கள், மூட்டையெல்லாம் ஏற்றியிருக்கிறார்கள். பனியன் துணி சுற்றியிருந்தால் அதுவும் மூட்டைதானே அவர்களுக்கு. முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், வேஸ்ட் ரூம்ல துணி சுத்தி ஒரு சாமானத்தை வெக்கலாமா? எவனாவது வெப்பானா? நான் வெச்சேன்.

ஞானசம்பந்தத்தைக் கூப்பிட்டேன். “பாக்கறேனுங்க” என்றார்.

ஜனவரி 20, செவ்வாய்

அவர் குடோனுக்கே போய் நின்றேன். மலை மலையாக மூட்டை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் கணுக்காலைச் சொறிந்துகொண்டே, “அது இப்ப என்றகிட்ட இல்லீங்க” என்றார். யாரிடம் இருக்கிறது என்றேன். டீ வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார். பழைய இரும்புக்குப் போட்டிருப்பார். இந்நேரம் உருக்கியிருப்பார்கள்.

ஜனவரி 24, சனி

மாதவன் வேலையை முடித்துவிட்டான். பெயிண்ட் காய்ந்ததும் வண்டியை வெளியே எடுத்தோம். பொய் சொல்லக் கூடாது, அழகென்றால் அழகு. அப்பா வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு இருந்த அதே முகம். பத்து நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு மாதவன், அண்ணனுடைய மகன்தான் இனி வண்டியை அதிகம் ஓட்டப்போகிறானாம் என்றான். அந்தப் பையனுக்கு இருபத்தொரு வயசு. நான் இடித்த வயசு.

வலது முட்டித் தழும்பைத் தடவிப் பார்த்தேன்.

ஜனவரி 28, புதன்

சித்ரா நேராகவே சொன்னாள், டிரைவர் வந்து பார்த்து அண்ணன் காதுக்குப் போவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது என்று. நம்பரை எடுத்தேன். ‘அண்ணன்’ என்றுதான் இன்னும் இருக்கிறது. அழுத்தவில்லை. என்ன சொல்வது? உங்களைக் கேட்காமல் மாற்றினேன், பழையதைத் தொலைத்தும் விட்டேன் என்றா?

ஜனவரி 30, வெள்ளி

இன்றும் கூப்பிடவில்லை. நாளைக்கு.

ஜனவரி 31, சனி

இல்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

கோயிலுக்குப் போய்வந்து வாசலில் நின்றேன். ஒன்பது மணிக்கு அவர்கள் கம்பெனி வேன் வந்தது. டிரைவர் இறங்கவில்லை. அண்ணன் இறங்கினார். விரதத்தில் இளைத்திருந்தார், நெற்றி நிறைய விபூதி.

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து முன் பம்பரைத் தடவினார். நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வேனின் பின்கதவைத் திறந்தார். உள்ளே கனத்த பம்பர் இரண்டும் துடைத்து, சுத்தமான துணி விரித்துக் கிடந்தன.

“அந்த வேஸ்ட் வண்டி உன்றகிட்ட எடுத்துட்டு நேரா என்றகிட்டதான் வரும். மறந்துட்டியா? துணி அவுந்து முனை தெரிஞ்சுது. எறக்கச் சொல்லிட்டேன். உன்றகிட்டச் சொல்ல வேண்டாம்னும் சொன்னேன்.”

ஏன் என்றேன்.

“நீ கூப்புடுவீன்னு பாத்தேன்.”

பதினைந்து நாள் பார்த்திருக்கிறார். நான் நம்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தப்புதான் என்றேன். பிறகு அந்தக் கேள்வி தானாக வந்துவிட்டது: ஊர் சிரிக்கத்தானே அன்றைக்கு இதை மாட்டினீர்கள்?

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நிஜமாகவே புரியாமல்தான் பார்த்தார்.

“சிரிக்கவா? உன்ற காலுக்குத்தான் மாட்டுனேன். மறுக்கா இடிச்சா முட்டி தப்போணுமல்ல.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. சித்ரா உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்து இரண்டு பேருக்கும் கொடுத்தாள். அவர் நின்றுகொண்டே குடித்தார். பையனுக்கு இப்போதைக்குச் சாவி தரப்போவதில்லை என்றும், பழனிக்குத் தானே ஓட்டிப் போவதாகவும் சொன்னார். வேனிலிருந்து கனத்த பம்பர்களை இறக்கச் சொன்னார். டிரைவரும் நானும் பிடித்தோம்.

“என்ற முறைக்கு இந்த மெல்லிசு இருக்கட்டும். ஆடிக்கு நானே கொண்டாந்து உடறேன். அப்ப இதை மாட்டிக்கோ, தம்பி.”

வண்டி தெரு திரும்பும் வரை நின்றேன்.

பிப்ரவரி 2, திங்கள்

மாதவனிடம் ஆடி மாதத்துக்கு ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். பம்பர் இரண்டும் வீட்டுக்குள் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. டிராயரிலிருந்து எட்டு போல்ட்டையும் எடுத்து, துரு போகத் தேய்த்து, எண்ணெய் போட்டுவைத்தேன்.

மதியம் அண்ணனைக் கூப்பிட்டேன். பழனியில் நல்ல கூட்டமாம். “சாப்டாச்சா” என்று கேட்டேன்.